மாட்டை யார் அவிழ்த்துவிடுவது?

ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே மாநிலத்தில், 2019 மே 3 காலையில், புரிக்குப் பக்கத்தில் ஃபானி புயல் கரையைக் கடந்தது. இறந்தவர்கள் 64 பேர். அந்த 64 பேரும் ஏதோ ஒரு வீட்டின் இழப்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளில் ஒரு சமூகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு விம்முகிறது. ஃபானி வருவதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் சுமார் 12 லட்சம் பேரை வீடுகளிலிருந்து வெளியே அழைத்துவந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகரில் இருந்த மொத்த மக்களைவிட இது அதிகம்.

நான் வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்தவன். புயல் பேச்சு இல்லாத ஐப்பசி கார்த்திகை எங்கள் பக்கம் கிடையாது. பெரியவர்கள் 52 புயல், 55 புயல் என்று ஆண்டைச் சொல்லிக் கதை சொல்வார்கள். இப்போதைய பிள்ளைகள் தானே, கஜா, நிவர் என்று பெயரைச் சொல்கிறார்கள். இத்தனை புயல்களைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: மக்களை வெளியேற்றும் திட்டம் என்றாலே லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய்வதில்தான் ஆரம்பிக்கிறார்கள். வண்டி இல்லாததால் கிளம்பாதவர்கள் எங்கள் ஊரில் சிலர்தான். மற்றவர்கள் கிளம்பாததற்குக் காரணம், விட்டுவிட்டுப் போகிறவற்றுக்கு யார் பொறுப்பு என்று அவர்களிடம் யாரும் சொல்லாததுதான். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஊர், சொன்னவுடன் கிளம்பிவிடும்.

2018 நவம்பர் 15 பிற்பகல். அன்றிரவு கஜா நாகை அருகே கரையைக் கடக்கப்போவதாகச் செய்தி. என் அத்தை ஊரில் தனியாக இருந்தார். கீற்று வேய்ந்த வீடு, இரண்டு கறவை மாடு, ஐந்தாறு ஆடு. நான் சென்னையிலிருந்து தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவைச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. அத்தை அசையவில்லை. புயலை அவர் லேசாக நினைக்கவில்லை. கூரை நிற்காது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டில் ஒரு மாடு சினையாக இருந்தது. கட்டிப்போட்டுவிட்டுப் போனால் கொட்டகை சரிந்து சாகும். அவிழ்த்துவிட்டுப் போனால் எந்தத் திசையில் ஓடும், யார் பிடித்துவருவார்? சுயஉதவிக்குழுக் கடனில் வாங்கிய மாடு அது. மாடு போனாலும் தவணை நிற்காது.

கடைசியில் அவரைக் கிளப்பியது குழுத் தலைவிதான். பொழுது சாய்வதற்கு முன்னால் வந்து, “அக்கா, கயிற்றை அவிழ்த்துக் கொடுங்கள். குழுவில் எல்லார் மாட்டையும் கோயில் மேட்டுக்குத்தான் ஓட்டுகிறோம், என் மகன் கூடப் போகிறான். விடிந்ததும் எல்லாரும் சேர்ந்தே போய்ப் பிடித்துக்கொள்ளலாம்” என்றார். அத்தை ரேஷன் கார்டையும் பாஸ்புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டார். நள்ளிரவுக்குப் பின் கூரை பறந்தது. கொட்டகை சுவரோடு படுத்துவிட்டது. ஆடுகளில் பாதி போயின. மாடுகள் இரண்டும் பிழைத்தன.

அந்தக் குழுத் தலைவி பேரிடர் மேலாண்மைப் பயிற்சி எதுவும் பெற்றவர் அல்ல. ஆனால் வங்கதேசம் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட ஒன்றை அவர் தன் தெருவில் செய்துகாட்டினார். 1970 நவம்பரில் போலா புயல் அந்தக் கழிமுகத்தில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் கொன்றது. நாடு விடுதலையானதும் 1972இல் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் (இன்று அங்கே செம்பிறைச் சங்கம்) சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. காப்பகங்கள் கட்டியதோடு, ‘கில்லா’ என்று மண்மேடுகளும் எழுப்பினார்கள். அந்த மேடுகள் கால்நடைகளுக்காக. மாடு மேலே ஏறினால்தான் மனிதர் வீட்டைவிட்டு இறங்குவார் என்பதை அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள். எச்சரிக்கை சொல்வதும் வெளியாள் வேலையாக இல்லை. அந்தந்த ஊர்த் தொண்டர் கொடி ஏற்றுவார். ஆபத்து நெருங்க நெருங்க ஒரு கொடி இரண்டாகும், இரண்டு மூன்றாகும். கையால் சுழற்றும் சைரனும் மெகாபோனும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மூன்று கொடியைக் கண்டால் கிளம்பிவிடுவார்கள்.

இத்தனை இருந்தும் 1991 ஏப்ரல் 29 புயலில் அங்கே சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களின் பங்கு ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகம். வெளியூர் போன கணவன் வந்து சொல்லாமல் வீட்டை விட்டு இறங்கத் தயங்கியவர்கள், ஆண்கள் நிறைந்த கூடத்தில் எப்படி இரவைக் கழிப்பது என்று கூசியவர்கள், கையில் குழந்தையோடு தண்ணீரில் சிக்கியவர்கள். காப்பகம் எட்டும் தூரத்தில் இருந்தும் போகாமல் இறந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவே ஆறாது. அதன்பின் பெண்களுக்குத் தனி அறைகளும் கழிப்பறைகளும் வந்தன. தொண்டர்களிலும் பெண்களைச் சேர்த்தார்கள். இன்று அந்தத் திட்டத்தின் சுமார் 76,000 தொண்டர்களில் சரிபாதி பெண்கள். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது, கொரோனா பயத்துக்கு நடுவிலும், இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அந்த நாடு நகர்த்தியது.

என் அத்தை அன்றிரவு தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். மாடியில் இடம் இருந்தது, சோறும் வந்தது. பெண்கள் பக்கத்துக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. மின்சாரம் போனபின் வெளிச்சமும் இல்லை. வயசுப்பெண்களை வைத்திருந்த ஒரு தாய் இரவு பத்து மணிக்கு மேல், காற்று வீசத் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே திரும்பிவிடுகிறேன் என்று எழுந்ததாக அத்தை சொன்னார். இரண்டு கிழவிகள் வாசலில் காவல் உட்கார்ந்து அவரை இருத்தியிருக்கிறார்கள். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை? முகாம் பட்டியலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கதவைத்தான். கட்டடம் எத்தனை பேரைக் கொள்ளும் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

முகாமுக்குப் போகத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் எங்கள் மண்ணில் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது பல அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் கைவைக்கவிடவில்லை, ஒரே கூடத்தில் தங்கவிடவில்லை. அப்படி ஒருமுறை வாசலில் நின்று திரும்பியவர் அடுத்த புயலுக்கு அந்தக் கட்டடத்தை நாடமாட்டார். அவர் வீடு ஊரின் பள்ளத்தில் இருக்கும், முதலில் தண்ணீர் ஏறுவதும் அங்கேதான். எந்தத் தெருவுக்கு எந்தக் கட்டடம் என்று வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். அந்தத் தெருக்காரர்கள் அந்தக் கட்டடத்துக்குள் மரியாதையோடு நுழைய முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடியாது என்றால், முடியும்படி செய்வதற்குப் புயல் இல்லாத மாதங்கள்தான் நேரம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை 72, 48, 24, 12 மணி நேரங்களுக்கு முன்பாக நான்கு கட்டங்களில் எச்சரிக்கிறது. இருபத்து நான்கு மணி என்று கேட்டதும் நாளைக்குத்தானே என்று தோன்றும். ஆனால் நமக்குக் கெடு, புயலின் மையம் கரையைத் தொடும் நேரம் அல்ல. அதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று மரங்களைச் சாய்க்கும், பஸ்களை நிறுத்திவிடுவார்கள், சாலை அடைபடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 பேர் உள்ள குப்பம், இரண்டு லாரி, லாரிக்கு 40 பேர், போய்வர ஒரு மணி நேரம். மொத்தம் முப்பது நடை, லாரிக்குப் பதினைந்து மணி நேரம். மாலை ஆறு மணிக்குச் சாலை அடைபடும் என்றால் முதல் நடை அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அந்நேரத்தில் வானம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அமைதியான வானத்தைக் காட்டி ஒரு குடும்பத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்ப யாருடைய சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பு இருக்கிறது? எங்கள் மீனவக் குப்பங்களில் அது ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல். கடலுக்குப் போகாதே என்று அவர்கள் சொன்னால் ஒரு படகும் இறங்காது. அவர்களைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, புயலன்று மட்டும் ஒத்துழைப்புக் கேட்பது சரியல்ல.

புயலுக்காவது நாள்கணக்கு உண்டு. சுனாமிக்கு அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது நம் நேரப்படி ஆறரை மணி. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் நம்மிடம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் நாகை மாவட்டத்துக்காரர்கள். புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. மீனவர்களுக்கு அலை உயரமும் காற்று நிலவரமும் சொல்ல அதில் ஒலிபெருக்கி இருந்தது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர்தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. தினமும் கடல் நிலவரம் சொல்லி நம்பிக்கை பெற்ற ஒலிபெருக்கி அது. ஆபத்துக்கென்று மட்டும் மாட்டிவைத்து, துருப்பிடித்துக் கிடந்த கருவியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்தில் லாரி உதவாது. நடக்க ஒரு வழி வேண்டும். நம் குப்பங்கள் பலவற்றில் கிழக்கே கடல், மேற்கே உப்பனாறோ கால்வாயோ கழியோ. நடுவில் மணல்திட்டில் வீடுகள். கிள்ளைக்குப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டில் அன்று அத்தனை பேர் இறந்ததற்கு, மேற்கே தப்பிக்கவும் தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். இப்போது நம் கரையில் பல இடங்களில் பாலங்கள் வந்திருக்கின்றன, பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களும் எழுந்திருக்கின்றன. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடைசி அரை கிலோமீட்டர்தான் இன்னும் பிடிபடவில்லை. பாலத்துக்குப் போகும் சந்தில் வலையும் ஐஸ்பெட்டியும் அடுக்கியிருந்தால், இருட்டில் ஆயிரம் பேர் அதன் வழியே எப்படிப் போவார்கள்?

ஜப்பானின் இஷினோமாகி நகரில் ஒகாவா தொடக்கப்பள்ளியில் நடந்ததைப் படித்துவிட்டு நான் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் நின்றபின் ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. எங்கே போவது என்று முடிவாவதற்குள் ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது, சுனாமி அலை வந்துவிட்டது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். உலகிலேயே சிறப்பாகத் தயாராக இருந்த நாடு, ஒழுங்கான பள்ளி, அக்கறையுள்ள ஆசிரியர்கள். எந்த மேட்டில் ஏறுவது என்ற ஒரு வரி மட்டும் முன்கூட்டி எழுதப்படாமல் இருந்தது.

வெளியேற்றமே உயிரை வாங்குவதும் உண்டு. 2005 செப்டம்பரில் கத்ரீனா புயலின் காட்சிகள் கண்ணைவிட்டு மறையும் முன்னரே ரீட்டா புயல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை நோக்கி வந்தது. ஹூஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் கார்களில் புறப்பட்டார்கள். கிளம்பத் தேவையே இல்லாத மேட்டுப்பகுதிக்காரர்களும் அவர்களில் ஏராளம். வெயிலில் நெடுஞ்சாலை உறைந்து நின்றது, பெட்ரோல் தீர்ந்தது. முதியோர் இல்லத்திலிருந்து வந்த பஸ் ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். புயல் கரையைத் தொடும் முன்பே வழியில் இறந்தவர்கள் நூற்றைத் தாண்டினார்கள். யார் கிளம்ப வேண்டும் என்று சொல்வதைப் போலவே, யார் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் தெருப்பெயரோடு சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஃபுகுஷிமா அணுஉலை விபத்தின்போது ஃபுதாபா மருத்துவமனை நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பல மணி நேரம் சுற்றவைத்தார்கள். கூட மருத்துவர் இல்லை, போய்ச்சேர்ந்த இடம் ஒரு பள்ளி உடற்பயிற்சிக்கூடம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை நகர்த்துவதற்குத் தனி வண்டி, தனி நேரம், கூடவே ஒரு செவிலியர், போய்ச்சேரும் இடத்தில் ஒரு கட்டில் எல்லாம் வேண்டும். ஒடிசாவில் பேறுகாலம் நெருங்கிய பெண்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனைகளில் சேர்த்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும். மின்சாரம் திரும்ப ஒரு வாரம் ஆனால் அவர்களால் காத்திருக்க முடியாது.

ஒடிசாவைப் புகழும்போது ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபரில் தித்லி புயலுக்குக் கடற்கரையை அவர்கள் நன்றாகவே காலிசெய்தார்கள். இறப்புகளில் பெரும்பகுதி கடலை விட்டு விலகிய கஜபதி மாவட்ட மலைகளில் நேர்ந்தது. மழைக்கு ஒதுங்கிக் குகை போன்ற இடத்தில் தங்கியவர்கள்மேல் மலை சரிந்தது. புயலைக் கடலோர ஆபத்தாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலை தெரியவில்லை. நம் தமிழ்நாட்டில் குமரியையும் நீலகிரியையும் நினைத்துக்கொள்கிறேன்.

முகாமிலிருந்து திரும்பும் நாளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. கஜாவுக்குப் பின் எங்கள் பக்கம் மக்கள் அவசரமாகத் திரும்பியதற்குக் காரணம், ஊரில் எது மிச்சம் என்று தெரியாத தவிப்புதான். விழுந்த மரங்களுக்கு நடுவே அறுந்து கிடந்த மின்கம்பிகள்மேல் நடந்து போனார்கள். ஊருக்கு இரண்டு பேர் முன்னால் போய்ப் பார்த்து, இந்தத் தெரு சரி, அந்தத் தெருவுக்கு நாளை வாருங்கள் என்று முகாமில் வந்து சொல்லியிருந்தால் அத்தனை பேரும் பொறுத்திருப்பார்கள். திருட்டுப் பயமும் சின்ன விஷயம் அல்ல. போலீஸ் காவல் நிற்கிறது என்று சொல்வதைவிட, நம் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் போலீசாருடன் நிற்கிறார்கள் என்றால் நம்புவார்கள். படகு, இன்ஜின், வலை எல்லாவற்றையும் புயலுக்கு முன்பே படம் எடுத்து மீன்வளத் துறையிடம் பதிவு செய்துவிட்டால், இழப்பீட்டுக்கு அத்தாட்சி வேண்டுமே என்று படகுக்குக் காவலாகக் கரையிலேயே படுத்துக்கிடக்கும் ஆள் எழுந்து வருவார்.

வராத புயலுக்குக் கிளம்பியவர்களின் கோபமும் நியாயமானதே. ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அன்றாடம் காய்ச்சிக்கு அது இரண்டு நாள் சோறு. எச்சரிக்கை தவறிப்போனால் திட்டுகிறோம், ஆனால் எச்சரிக்கையை மதித்துக் கிளம்பியவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க நாம் முன்வருவதில்லை. நூறு நாள் வேலைக் கூலி அளவுக்காவது ஒரு தொகையை, புயல் வந்தாலும் வராவிட்டாலும், முகாமிலேயே கொடுத்துவிடலாம். பிறகு நிவாரணத்துக்குச் செலவாகும் கோடிகளோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் அக்டோபர் 2 அன்று எல்லா ஊர்களிலும் கிராம சபை கூடுகிறது. எங்கள் ஊர்க் கிராம சபையில் இந்த ஆண்டு நான் கேட்கப்போவது ஒரு பட்டியல். தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள், காது கேளாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், பேறுகாலம் நெருங்கியவர்கள், இறால் பண்ணையிலும் கட்டட வேலையிலும் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், ஒவ்வொரு வீட்டுக் கால்நடைகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அழைத்துவரப் பொறுப்பேற்கும் இரண்டு பேர். ஒருவர் வெளியூர் போயிருந்தால் மற்றவர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடம், ஒன்று சுகாதாரச் செவிலியரிடம், ஒன்று அந்தக் குழுத் தலைவியிடம். அவரிடம் ஏற்கனவே பேசிவிட்டேன். மாடுகளின் பக்கத்தை அவர் எழுதத் தொடங்கிவிட்டார்.